"கிட்டத்தட்ட எல்லா" டாவ் எண்ணும் 691-ஆல வகுபடும்னா, என் ஷீட்ல ஏன் ஒண்ணுகூட வகுபடல?

கேள்வி | ஜூன் 3, இரவு 10.52

அண்ணா, ராமானுஜனோட டாவ் எண்கள் (ஒரு முடிவில்லாப் பெருக்கலை விரிச்சா வர்ற கெழுக்கள்) கிட்டத்தட்ட எல்லாமே 691-ஆல வகுபடும்னு படிச்சேன். ஸ்பிரெட்ஷீட்ல 1000 வரைக்கும் போட்டுப் பாத்தேன். எண்ணூத்திச் சொச்சத்துல ஒரே ஒரு இடத்துல மீதி பூஜ்யம் வருது, வேற எங்கயும் இல்ல. ஆயிரத்துக்கு ஒண்ணுன்னா அது "கிட்டத்தட்ட எல்லாம்"ஆ? புக்கு தப்பா நான் தப்பா?

ஜூன் 3, இரவு 11.35

தம்பி, புக்கு சரி. உங்க ஷீட்டும் முக்கால்வாசி சரி. அந்த ஒரே ஒரு பூஜ்யம் மட்டும் பொய்.

ஸ்பிரெட்ஷீட் 15 இலக்கம் வரைக்கும்தான் கணக்கா வெச்சுக்கும். டாவ் எண் பெருசாகுற வேகம் ஏறக்குறைய 5.5 பவர், ஐநூறைத் தாண்டினா 15 இலக்கம் பத்தாம போக ஆரம்பிச்சிரும். கடைசி இலக்கம் எல்லாம் பூஜ்யமா நிக்குதான்னு பாருங்க. நிக்கும். கடைசி இலக்கத்தைத் தொலைச்சுட்டு மீதி கண்டுபிடிக்குறது, பில்லைத் தொலைச்சுட்டு சில்லறை எண்ணுற மாதிரி. நானும் இதே குழியில விழுந்தவன்தான், எம்எஸ்சி படிக்கும்போது ஒரு ராத்திரி முழுக்க "கண்டுபிடிச்சுட்டேன்"னு குதிச்சுட்டு காலையில அசிங்கப்பட்டேன்.

உண்மையான முதல் பூஜ்யம் வேணும்னா 690-ஐப் பாருங்க, அங்க வரணும். டாவோட மீதிக்கு "ஒண்ணு கூட்டல் 11-ஆம் பவர்"னு ஒரு விதி இருக்கு, பின்னாடி சொல்றேன். 690-ங்கிறது 691-க்கு ஒண்ணு கம்மி, அதனால 11-ஆம் பவர் ஏத்தினா மீதி மைனஸ் ஒண்ணு, கூட ஒண்ணு கூட்டினா பூஜ்யம்.

ஜூன் 4, காலை 6.10

மேல 690-னு எழுதினது அபத்தம். தூக்கத்துல எழுதிருக்கேன். "ஒண்ணு கூட்டல் 11-ஆம் பவர்"ங்கிறது ப்ரைமுக்கு மட்டும்தான், 690 என்ன ப்ரைமா? 2, 3, 5, 23 எல்லாம் உள்ள உக்காந்திருக்கு. யாரும் இன்னும் திட்டல, அதுக்குள்ள நானே சொல்லிட்டேன்.

ஜூன் 4, பகல் 1.20 (சாப்பாட்டு நேரம்)

புதுசா வர்றவங்களுக்காக. ஒண்ணு மைனஸ் எக்ஸ், ஒண்ணு மைனஸ் எக்ஸ் ஸ்கொயர், ஒண்ணு மைனஸ் எக்ஸ் க்யூப்... இப்படி முடிவில்லாம பெருக்கி, 24-ஆம் பவர் எடுத்து, முன்னாடி ஒரு எக்ஸ் போட்டு விரிச்சா வர்ற கெழுக்கள்தான் டாவ். 1, -24, 252, -1472, 4830, -6048, -16744, 84480... இப்படிப் போகும். இந்தத் தொடர் 12 எடை உள்ள ஒரு மாடுலர் ஃபார்ம் (ஒரு மாதிரி சமச்சீர் உள்ள சார்பு, எடைங்கிறது அந்தச் சமச்சீரோட ஒரு அளவு), அதோட ஃபூரியே கெழுக்கள் இதுங்க.

1916 கட்டுரையில ராமானுஜன் சொன்னது: டாவ்-ஐயும், அந்த எண்ணோட வகுத்திகள் ஒவ்வொண்ணையும் 11-ஆம் பவருக்கு ஏத்திக் கூட்டின தொகையையும் 691-ஆல வகுத்தா ரெண்டுக்கும் ஒரே மீதி வரும். பேப்பர்ல போட்டுப் பாருங்க. 2-க்கு தொகை 1 + 2048 = 2049. டாவ் -24. வித்தியாசம் 2073, அது 3 × 691. 3-க்கு தொகை 177148, டாவ் 252, வித்தியாசம் 176896, அது 256 × 691. 256-னு வந்து நிக்குறதுல எந்த ரகசியமும் இல்ல, சும்மா அழகா இருக்கு.

ஜூன் 4, இரவு 11.05

சரி, இப்ப நிதானமா. முதல் பூஜ்யம் எங்கன்னு தேடுவோம்.

டாவுக்கு ஒரு பெருக்கல் குணம் இருக்கு, பொதுக் காரணி இல்லாத ரெண்டு எண்ணை எடுத்தா பெருக்கலோட டாவ், டாவ்களோட பெருக்கல். உதாரணம், 6-க்கு -24 × 252 = -6048, மேல லிஸ்ட்ல இருக்கு பாருங்க. இதை ராமானுஜன் ஊகமா சொன்னாரு, மறு வருஷமே 1917-ல மார்டெல் நிரூபிச்சுட்டாரு. ஆக முதல் பூஜ்யம் கண்டிப்பா ஒரு ப்ரைமோ, ப்ரைமோட பவரோதான்.

ப்ரைம்னா 1 கூட்டல் அதோட 11-ஆம் பவர் 691-ஆல வகுபடணும், அதாவது 11-ஆம் பவரோட மீதி மைனஸ் 1. இதுக்கு 11 விடை இருக்கும், ஆக 690 மீதிக்கு 11, அதாவது அறுபத்து மூணு ப்ரைமுக்கு ஒண்ணு.

ஜூன் 4, இரவு 11.40

இல்ல இல்ல. 11 விடை இல்ல. 690-ஐ 11 வகுத்தாத்தான் அப்படி வரும். 690 = 2 × 3 × 5 × 23, இதுல 11 எங்க இருக்கு? பொதுக் காரணியே இல்லாததால 11-ஆம் பவர் ஏத்துறது மீதிகளை இடம் மாத்திப் போடும், அவ்வளவுதான், ரெண்டு மீதி ஒரே இடத்துக்குப் போகாது. அதனால ஒரே விடை, மைனஸ் 1 மட்டும்தான். அதாவது ப்ரைம் 691-ஓட மடங்குக்கு ஒண்ணு கம்மியா இருக்கணும். மேல இருக்குறதை அழிக்க மனசு வரல, அப்படியே கிடக்கட்டும்.

690 ப்ரைம் இல்ல. அடுத்தது 1381. 7, 11, 13-னு ஆரம்பிச்சு 37 வரைக்கும் வகுத்துப் பாத்தேன், எதுக்கும் மசியல. ப்ரைம்.

பவர்கள் அதுக்கு முன்னாடி வந்துருமோன்னு ஒரு பயம். ஸ்கொயர்னா 1 + ப்ரைம் + ப்ரைம் ஸ்கொயர் 691-ஆல வகுபடணும், 37-க்குள்ள எதுவும் ஒத்து வரல. நாலாம் பவர், அஞ்சாம் பவருக்கு 2, 3, 5 மூணையும் பாத்தாச்சு. 2-ஓட ஒம்பதாம் பவர் ஒண்ணு மிச்சம், அது வேணும்னா 2 பவர் 10-க்கு மீதி 1 வரணும், வந்தது 333.

ஆக 691-ஆல வகுபடுற முதல் டாவ், 1381-ஆவது டாவ். அதுக்கு முன்னாடி இருக்குற 1380-ல ஒண்ணுகூடக் கிடையாது. தம்பி நீங்க 1000-லயே நிறுத்திட்டீங்க, பஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே இறங்கிட்டீங்க.

ஜூன் 5, காலை 7.45

ஒருத்தர் கேட்டிருக்காரு: "ராமானுஜன் 30 வரைக்கும்தானே அட்டவணை போட்டாரு, அப்புறம் எப்படி 691 கண்ணுல பட்டுச்சு?" செம கேள்வி. அட்டவணையில 691 வெளியவே தெரியாது. வேற வழியாத்தான் வந்திருக்கணும். ராத்திரி எழுதுறேன்.

ஜூன் 7, இரவு 10.20

ரெண்டு நாள் ஆயிருச்சு, ஆடிட் டைம்.

691 வர்ற வாசல் பெர்னூலி எண் (கணிதத்துல அங்கங்க தலைகாட்டுற ஒரு பின்ன வரிசை). 12-ஆவது பெர்னூலி எண் மைனஸ் 691-இன் கீழ் 2730. பன்னெண்டு எடைக்கு ஐசன்ஸ்டைன் தொடர்னு ஒண்ணு இருக்கு, அது 1-ல ஆரம்பிச்சு, அடுத்த கெழுக்கள் எல்லாம் 65520-இன் கீழ் 691 தடவை அந்த 11-ஆம் பவர் தொகை. அதே எடைக்கு இன்னொரு ஆள், ஆறு எடைத் தொடரோட ஸ்கொயர். அதுவும் 1-ல ஆரம்பிக்கும், அடுத்த கெழு மைனஸ் 1008, முழுக்க முழு எண்கள், கீழ எந்த 691-ம் இல்ல.

ரெண்டையும் கழிச்சா ஆரம்பத்துல இருக்குற 1 போயிரும். அப்படி 1 இல்லாத, பன்னெண்டு எடை ஃபார்ம் உலகத்துலயே ஒண்ணுதான், அதுதான் டாவ் தொடர் (ஒரு மாறிலி தடவை). இந்த "ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு"ங்கிற விஷயத்துலதான் எல்லா மாயமும். முதல் கெழுவை ஒப்பிட்டா மாறிலி 65520-இன் கீழ் 691 கூட்டல் 1008, அதாவது 762048-இன் கீழ் 691. இப்ப எல்லாத்தையும் 691-ஆல பெருக்குங்க. ஸ்கொயர் தொடர் 691-ஓட மடங்கா மாறி மீதியில காணாமப் போயிரும். மிஞ்சுறது: 65520 தடவை தொகை, 762048 தடவை டாவ், ரெண்டுக்கும் ஒரே மீதி. 762048-ல 65520-ஐக் கழிச்சா 696528, அது 1008 × 691. அப்ப ரெண்டு பெருக்கிக்கும் ஒரே மீதிதான், அது பூஜ்யமும் இல்ல, அடிச்சு விடலாம். முடிஞ்சது.

பத்து வரிக் கணக்கு. எனக்கு இதை முதல்ல காட்ட வேண்டியவரு "பரீட்சைக்கு வராது"ன்னு பக்கத்தைத் தள்ளிட்டாரு, எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க. பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒரு ரயில் பயணத்துல நானே போட்டுப் பாத்தேன், விழுப்புரம் தாண்டினது தெரியல.

ஜூன் 8, இரவு 11.15

இப்ப தம்பியோட அசல் கேள்வி. "கிட்டத்தட்ட எல்லாம்".

ஒரு எண்ணுக்குள்ள "691-க்கு ஒண்ணு கம்மி" ஜாதி ப்ரைம் ஏதாவது ஒரே ஒரு தடவை இருந்தாப் போதும், டாவ் வகுபட்டுரும். அந்த ஜாதி 690 ப்ரைமுக்கு ஒண்ணுங்குற கணக்குல வரும். எண் பெருசாகப் பெருசாக அதுக்குள்ள காரணிகளும் கூடும், எப்பவாச்சும் ஒண்ணு மாட்டும், மாட்டாத எண்களோட பங்கு பூஜ்யத்துக்கு இறங்கும். இதுதான் "கிட்டத்தட்ட எல்லாம்". ஆனா எவ்வளவு வேகமா இறங்குது? வகுபடாதவங்களோட பங்கு, எண்ணோட லாக் (பத்து அடி இல்ல, இயற்கை லாக்) எடுத்து அதுக்கு 690-ஆவது மூலம் எடுத்து, அதால ஒண்ணை வகுத்த அளவு. 690-ஆவது மூலம்! ஸ்கொயர் ரூட் இல்லய்யா. 1-க்குப் பின்னாடி நூறு பூஜ்யம் போட்ட எண்ணோட லாக் 230 சொச்சம், அதுக்கு 690-ஆவது மூலம் 1.008. நூறு பூஜ்யம் வரைக்கும் நடந்து போயும் ஒண்ணுல இருந்து 1.008-க்குத்தான் வந்திருக்கோம்.

பங்கு பாதியா குறையணும்னா லாக் 2 பவர் 690 ஆகணும். 2 பவர் 690-ங்கிறதே 208 இலக்க எண். அது எண்ணோட அளவு இல்ல, லாக். உங்க எண்ணுல எத்தனை இலக்கம்னு எழுதவே 200 இலக்கத்துக்கு மேல வேணும்.

அதனால புக்கு சொன்னது சரி, எந்த மனுஷனும் எந்தக் கம்ப்யூட்டரும் அதைக் கண்ணால பாக்கப் போறதில்ல, அதுவும் சரி. நமக்கு எட்டுற தூரத்துல "கிட்டத்தட்ட எதுவுமே வகுபடாது"தான் உண்மை.

ஜூன் 9, காலை 6.30

முன்னாடி ஒரு மாறிலி வரும், அதை முழுங்கிட்டேன். அதைச் சேத்தா 208 இலக்கம் கொஞ்சம் அப்படி இப்படி ஆகலாம். கதை மாறாது.

ஜூன் 9, இரவு 9.50

"அப்ப கிட்டத்தட்ட எல்லாரும் நல்லவங்கன்னு சொல்றதும் இப்படித்தானா அண்ணா"ன்னு தம்பி கேக்குறாரு. ஆமா, 208 இலக்கம் ஜனத்தொகை வந்ததும் பாப்போம்.

ஜூன் 11, இரவு 12.10

ஸ்பிரெட்ஷீட்டை விடுங்க, ப்ரோகிராம் எழுதுங்க. 24-ஆம் பவரை நேரா பெருக்காதீங்க, மெஷின் அழும். மூணாம் பவருக்கு ஜகோபியோட சூத்திரம் இருக்கு: 1, -3, 5, -7, 9-னு ஒற்றைப்படை எண்கள் குறி மாறி மாறி, 0, 1, 3, 6, 10-னு முக்கோண எண் இடங்கள்ல மட்டும் உக்காரும், மத்த இடமெல்லாம் காலி. அதை எழுதி, மூணு தடவை ஸ்கொயர் பண்ணா 24 வந்துருச்சு. ஒவ்வொரு அடியிலயும் 691-ஆல வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்கிட்டாப் போதும், பெரிய எண்ணே வராது, 15 இலக்கத் தொல்லையும் இல்ல.

10000 வரைக்கும் ஓட்டினேன். மொத்தம் 9. 1381, 2762, 4143, 5524, 5527, 6905, 8286, 8291, 9667. இதுல ஏழு, 1381-ஓட மடங்குதான், புதுசா வந்த ப்ரைம் 5527-ம் 8291-ம் மட்டும். 5524-ஐயும் 5527-ஐயும் பாத்ததும் இடம் ஒண்ணு தள்ளி எண்ணிட்டேனோன்னு பதறி திரும்ப ஓட்டினேன். இல்ல, சரிதான், 5524 பழைய ஆளோட நாலாவது மடங்கு, 5527 புது ஆள்.

ஜூன் 12, காலை 8.05

691-ஐ மட்டும் பாத்துட்டு டாவ் மேல வெறுப்பு வந்துரக் கூடாது. 7-ஐப் பாருங்க. 7-ஆல வகுத்து மீதி 3, 5, 6 வர்ற ப்ரைம் எல்லாத்துக்கும் டாவ் 7-ஆல வகுபடும், அதாவது பாதி ப்ரைம். முதல் பத்து டாவ்லயே 3, 5, 6, 7, 10 அஞ்சும் வகுபடுது. இங்க 690-ஆவது மூலம் இல்ல, சாதா ஸ்கொயர் ரூட். "கிட்டத்தட்ட எல்லாம்" நம்ம கண்ணு முன்னாடியே நடக்குது.

23 வேற மாதிரி ஆள். அங்க பாதி ப்ரைமுக்கு டாவோட மீதி 0, மத்ததுக்கு 2 இல்லேன்னா மைனஸ் 1, வேற எதுவும் வரவே வராது (23-ங்கிற ப்ரைமை விட்டுருங்க). வில்டன் 1930-ல சொன்னது. 59 = 36 + 23, இப்படி ஒரு ஸ்கொயரும் 23 தடவை இன்னொரு ஸ்கொயருமா உடையுற ப்ரைமுக்குத்தான் மீதி 2. ஒரு பெருக்கலோட கெழுவுக்குள்ள இந்த ஸ்கொயர் சமாச்சாரம் எப்படி நுழைஞ்சதுன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரல, நிரூபணம் படிச்சும் தீரல.

ஜூன் 15, இரவு 10.40

"பார்ட்டிஷனுக்கும் இப்படியா"ன்னு ஒரு மேடம் கேட்டாங்க. பார்ட்டிஷன்னா ஒரு எண்ணை முழு எண்களோட கூட்டலா எத்தனை விதமா பிரிக்கலாம்ங்கிற எண்ணிக்கை. இல்லீங்க மேடம். முழு எண் எடை உள்ள ஃபார்ம்னா, கெழுக்கள் முழு எண்ணா இருந்தா, எந்த எண்ணை எடுத்தாலும் கிட்டத்தட்ட எல்லாக் கெழுவும் அதால வகுபடும்னு செர் 1970-கள்ல நிரூபிச்சாரு. பார்ட்டிஷன் வர்ற இடத்துல எடை மைனஸ் அரை, அந்தக் கதவு திறக்காது. ஒற்றைப்படையா இரட்டைப்படையான்னுகூட அங்க ஒழுங்கு தெரியல.

ஆனா அட்டவணை ஏமாத்துற கதை அங்கதான் ரொம்ப ருசி. மேக்மஹோன் 200 வரைக்கும் பார்ட்டிஷன் கணக்குப் போட்டுக் கொடுத்தாரு. அதைப் பாத்துட்டு ராமானுஜன் 5, 7, 11-க்கான விதிகளைச் சொன்னாரு: 4, 9, 14, 19-க்கு 5, 30, 135, 490, எல்லாம் அஞ்சோட மடங்கு. அப்படியே இதுங்களோட பவர்களுக்கும் ஒரு பொது விதியை ஊகிச்சாரு. அதுப்படி 243-ஓட பார்ட்டிஷன் 7 க்யூபால, அதாவது 343-ஆல வகுபடணும். அட்டவணை 200-ல முடிஞ்சு போச்சு. பின்னாடி குப்தா அட்டவணையை நீட்டினாரு, 1934-ல சௌலா அதைப் பாத்து 243 ஒத்து வரலன்னு சொன்னாரு. அந்த எண் 133978259344888. நான் கையால வகுத்தேன்: ஏழால ஒரு தடவை, 19139751334984. ரெண்டாவது தடவை, 2734250190712. மூணாவது தடவை மீதி 5.

வெறும் 43 எண் தள்ளி இருந்துச்சு! விதியை வாட்சன் 7-க்கு மட்டும் திருத்தி 1938-ல நிரூபிச்சாரு, 11-க்கு 1967 வரைக்கும் காத்திருந்தாங்க, ஆட்கின் முடிச்சாரு.

ஜூன் 16, காலை 7.20

நேத்து எழுதினதைப் படிச்சா ராமானுஜன் அட்டவணையைப் பாத்து குத்துமதிப்பா சொன்னவரு மாதிரி தொனிக்குது. அப்படி இல்ல. 5-க்கும் 7-க்கும் அவரே நிரூபணம் கொடுத்தவரு. 691-லயும் அட்டவணை உதவவே இல்லைன்னு மேல பாத்தோமே.

இன்னொண்ணு, டாவ் கிட்டத்தட்ட எல்லாம் வகுபடும்ங்குற விஷயம் அவரோட வெளிவராத கையெழுத்துப் பிரதியிலேயே இருக்கு. 1999-லதான் பெர்ன்ட்டும் ஓனோவும் குறிப்போட அச்சுல கொண்டு வந்தாங்க. அதுல வகுபடாதவங்க எண்ணிக்கைக்கு ஒரு தொகையீடு கொடுத்து இன்னும் துல்லியமா சொல்லப் பாத்திருக்காரு. முதல் வேகம் சரி, அதுக்கு அடுத்த துல்லியம் தப்புன்னு மோரே 2004-ல காட்டினாரு. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுல அந்த ஜன்னல் பக்கம் நின்னப்போ எனக்கு இந்தத் தப்புதான் ஞாபகம் வந்துச்சு, ஏன்னு தெரியல. கூட வந்தவங்க போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க.

ஜூன் 17, இரவு 9.15

தன்னையே வகுக்குற ப்ரைம் பத்தி ஒரு கேள்வி வந்திருக்கு, அதாவது ஒரு ப்ரைம் தன்னோட டாவை வகுக்குறது. 2, 3, 5, 7, அப்புறம் ஒரே தாவா 2411. அதுக்கு அப்புறம் 7758337633, 2010-ல லிகெரோஸ், ரோசியே ரெண்டு பேரும் கண்டுபிடிச்சாங்க. ஷீட்ல தேடிப் பாக்காதீங்க.

ஜூன் 22, மதியம் 3.30

தம்பி ப்ரோகிராம் ஓட்டி அதே 9-ஐக் கொண்டு வந்துட்டாரு, சந்தோஷம். கூடவே ஒரு குண்டு போட்டிருக்காரு: "அண்ணா, 5-ஓட டாவ் 4830. காரணி பிரிச்சா 2 × 3 × 5 × 7 × 23. இதுல ஏதாவது இருக்கா?"

பத்து வருஷமா 4830-ஐ பாத்துட்டு இருக்கேன், பிரிச்சுப் பாத்ததே இல்ல. டாவுக்கு இந்த மாதிரி காங்ருவன்ஸ் (மீதி விதி) இருக்குற விசேஷ ப்ரைம்கள் மொத்தமே ஆறுதான், 2, 3, 5, 7, 23, 691, வேற கிடையாதுன்னு செர், ஸ்வின்னர்டன் டையர் காலத்துலயே முடிவாயிருச்சு. அதுல அஞ்சு பேர் 4830-க்குள்ள வரிசையா உக்காந்திருக்காங்க, ஆளுக்கு ஒரு தடவை, வேற யாரும் இல்ல. 3-க்கும் 7-க்கும் 23-க்கும் காரணம் சொல்லலாம், அந்தந்த விதியில 5 சரியான ஜாதி. மத்தபடி இவ்வளவு கச்சிதமா வர்றது தற்செயல்தான்னு நினைக்குறேன்.

691 மட்டும் வரல. 4830-ஐ 7 × 690-னும் எழுதலாம், வாசல் வரைக்கும் வந்துட்டு நின்னுருச்சு. அதுக்கு 1381 வரைக்கும் நடக்கணும்.